மூளைக் கட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் அண்ணன் பேசுவதே இல்லை. இது கட்டியாலா, மாத்திரையாலா, மனசாலா?

கொருக்குப்பேட்டை_தம்பி
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அண்ணனுக்கு 41 வயது. சொந்தமாகக் குட்டி யானை வைத்து எம்.சி. ரோட்டிலிருந்து மாதவரம், மணலி குடோன்களுக்குத் துணி மூட்டை லோடு அடித்துக்கொண்டிருந்தவர். போன தீபாவளிக்கு முந்தின வாரம் டீக்கடையில் நிற்கும்போதே ஃபிட்ஸ் வந்து விழுந்தார், நல்ல வேளை ஸ்டியரிங்கில் இல்லை. ஸ்கேன் எடுத்தால் நெற்றிக்குப் பின்னால் வலது பக்கம் கட்டி. கிளையோமா என்ற வகை, கிரேடு 3, அதாவது நாலு படியில் மூன்றாவது, புற்று. ஆபரேஷன் ஆனது, ஆறு வாரத்துக்கு மேல் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், இப்போது மாதத்தில் 5 நாள் கீமோ மாத்திரை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் வீட்டை அடகு வைக்காமல் தப்பித்தோம்.

பிரச்சினை அதற்கு அப்புறம்தான். ஒன்றரை மாதமாக ஆள் பேசுவதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விடியற்காலை 3 மணிக்கே எழுந்துவிடுகிறார். போன வாரம் சின்னப் பெண் டி.வி. சத்தம் வைத்ததற்குச் சோற்றுத் தட்டைத் தூக்கி வீசிவிட்டு, அரை மணி கழித்து அவரே உட்கார்ந்து அழுகிறார். அம்மா திருவொற்றியூர் கோயிலுக்கும் கூட்டிப் போனார்கள், ராயபுரத்தில் மாதா கோயிலிலும் மெழுகுவத்தி ஏற்றினார்கள். கட்டி வந்த இடம் அப்படி, குணத்தை மாற்றிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். உண்மையா? யாருக்கு இப்படி ஆகும், யாருக்கு ஆகாது என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா?

வியாசர்பாடி_வால்
தம்பி, தப்பாக நினைக்காதே. தலையில் கட்டி, ஆபரேஷன், கரண்ட், கீமோ எல்லாம் பார்த்த மனுஷன் கேரம் போர்டு ஆடிக்கொண்டு சிரித்துக்கொண்டா இருப்பான்? எனக்கு வந்தாலும் சுவரைத்தான் பார்ப்பேன். இதற்கும் ஒரு வியாதிப் பெயர் வைத்து இன்னும் ரெண்டு மாத்திரை சேர்த்துவிடுவார்கள். ஆளை விடுங்கள், தானாகத் தேறுவார்.

ராயபுரம்_சிஸ்டர்
வால் தம்பி, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் அந்த "தானாகத் தேறுவார்" தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் நரம்பு அறுவை சிகிச்சை வார்டில் 14 வருஷம் வேலை பார்த்தவள். கவலைப்படுவது வேறு, மனச்சோர்வு வேறு. கவலை வரும், போகும், நடுவில் பிள்ளை ஏதாவது சேட்டை பண்ணினால் சிரிப்பும் வரும். மனச்சோர்வு ரெண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலும் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே இருக்கும், பிடித்தது எதுவும் பிடிக்காது. கட்டி வந்த எல்லோருக்கும் இது வருவதும் இல்லை. வார்டில் கிரேடு 4 காரர் பக்கத்துக் கட்டிலுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருப்பார், சாதுவான கட்டி வந்தவர் போர்வைக்குள்ளேயே கிடப்பார். அப்படியானால் கட்டியைத் தாண்டி ஏதோ இருக்கிறது அல்லவா?

கொருக்குப்பேட்டை தம்பி, சில விஷயம் சொல்லுங்கள். என்ன மாத்திரை, என்ன டோஸ், சமீபத்தில் ஏதாவது கூட்டினார்களா குறைத்தார்களா? மூளை வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை நிறுத்தியாயிற்றா? கட்டி வருவதற்கு ரொம்ப முன்னால் எப்போதாவது இப்படி முடங்கியிருக்கிறாரா? அப்புறம் முக்கியமானது: அவர் வாயால் என்ன சொல்கிறார்?

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்
சிஸ்டர் கேட்கும் மாத்திரைக் கேள்வியை நான் இன்னும் அழுத்திக் கேட்கிறேன். என் அம்மாவுக்கு மெனிஞ்சியோமா, மூளையைச் சுற்றியுள்ள உறையில் வரும் கட்டி. புற்று இல்லை, முழுசாக எடுத்தாயிற்று, போய் நிம்மதியாக இருங்கள் என்று அனுப்பினார்கள். நிம்மதியா! மூன்று வாரத்தில் அம்மா வேறு ஆள். எதற்கெடுத்தாலும் சண்டை, அப்புறம் அழுகை, "நான் செத்தா உங்களுக்கெல்லாம் விடுதலை" என்று ஒரு பேச்சு. நாங்கள் ஆபரேஷனில் ஏதோ தொட்டுவிட்டார்கள் என்று நினைத்தோம். கடைசியில் ஒரு நரம்பு டாக்டர் சீட்டைப் பார்த்த உடனே கேட்டார், லெவெடிராசெட்டம் ஆரம்பித்ததிலிருந்தா என்று. ஆமாம். கொஞ்சம் கொஞ்சமாக வேறு வலிப்பு மாத்திரைக்கு மாற்றினார், ஒரு மாதத்தில் பாதி அம்மா திரும்பி வந்தார். மீதிப் பாதிக்கு மனநல டாக்டர் தேவைப்பட்டார், அது வேறு கதை.

பெரம்பூர்_மருந்துக்கடை
எண்ணூர் சொன்னது சரி. வலிப்பு மாத்திரைகளில் சில மனநிலையைப் பாதிக்கும், தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே அந்த மொத்த வகைக்கும் எச்சரிக்கை கொடுத்தது. லெவெடிராசெட்டத்தில் எரிச்சல், கோபம், சோர்வு மூன்றும் தெரிந்த பக்க விளைவு. முன்னாடியே மனச்சோர்வு இருந்தவருக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். திடீரென்று நிறுத்தினால் விடாமல் அடுத்தடுத்து ஃபிட்ஸ் வரலாம், உயிரே போகலாம். டாக்டர்தான் ஒன்றைக் குறைத்து ஒன்றை ஏற்றி மாற்ற வேண்டும்.

வீக்க மாத்திரை என்பது டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு. அது பொல்லாத சாமான். டோஸ் அதிகமாக இருக்கும்போது சிலர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் அலமாரி அடுக்குவார்கள், பசி, கோபம், துள்ளல். குறைக்கும்போது அப்படியே தலைகீழ், ஆள் சுருண்டுவிடுவார். ரொம்ப நாள் சாப்பிட்டு வேகமாக நிறுத்தினால் உடம்பே சொந்தமாக ஸ்டீராய்டு சுரக்க மறந்திருக்கும், அப்போது வரும் அசதி, பசியின்மை, வாந்தி எல்லாம் பார்ப்பதற்கு மனச்சோர்வு மாதிரியே இருக்கும். எங்கள் கடையில் ஒருவர் அதை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கொண்டு தூக்க மாத்திரை கேட்டு வந்தார். டாக்டரைக் கேட்டுக் காலையில் போட வைத்ததும் தூக்கம் வந்துவிட்டது.

கொருக்குப்பேட்டை_தம்பி
சிஸ்டர், சீட்டைப் பார்த்து எழுதுகிறேன். லெவெடிராசெட்டம் காலையில் 500, ராத்திரி 500 இருந்தது. ஏப்ரல் கடைசியில் கை மட்டும் வெட்டி இழுத்தது என்று 1000, 1000 ஆக்கினார்கள். இப்போது எண்ணிப் பார்த்தால் அண்ணன் மாறியதும் அதற்கு அப்புறம்தான், எனக்கு இது தோன்றவே இல்லை. டெக்ஸா மார்ச்சில் நிறுத்தினார்கள், படிப்படியாகத்தான். முன்னாடி இப்படி இருந்ததில்லை. சுறுசுறுப்பான ஆள். என்ன சொல்கிறார் என்றால், எங்களிடம் எதுவும் இல்லை. அண்ணியிடம் மட்டும் ஒரு ராத்திரி "உங்களுக்கு நான் பாரம்" என்று சொன்னாராம்.

கீழ்ப்பாக்கம்_மாணவி
மருத்துவம் படிக்கிறேன், டாக்டர் இன்னும் ஆகவில்லை, அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு வரும் என்று கணக்கு கேட்டீர்கள் அண்ணா. ஸ்காட்லாந்தில் கிளையோமா உள்ள 150-க்கும் மேற்பட்டவர்களைச் சிகிச்சைக் காலத்தில் திரும்பத் திரும்ப நேரில் பேட்டி எடுத்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் மனச்சோர்வு நோய் இருந்தது. அந்த ஒருவர் யார் என்று பார்த்தபோது ரெண்டு விஷயம் தெளிவாக நின்றது. ஒன்று, முன்பே எப்போதாவது மனச்சோர்வு வந்தவர். ரெண்டு, அன்றாட வேலைகளைச் செய்ய முடியாமல் போனவர், நடை, பேச்சு, கை வேலை, பிழைப்பு இதெல்லாம் போனவர். கட்டி எந்த இடம் என்பதைப் பற்றி ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, ஒன்று இடது என்கிறது, ஒன்று முன்பக்கம் என்கிறது, இன்னொன்று இடத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்கிறது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் அவ்வளவு உறுதியாகச் சொல்ல இடம் இல்லை.

ஆனால் அவர் சொல்வதில் ஒரு துளி உண்மையும் உண்டு. மூளையின் நெற்றிப் பகுதி பாதிக்கப்பட்டால் எதிலும் அக்கறை இல்லாத ஒரு மந்தம் வரலாம், அது மனச்சோர்வு இல்லை. மந்தம் வந்தவர் குளிக்காமல் உட்கார்ந்திருப்பார், ஆனால் அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இருக்காது. கவலைப்படுவது நாம்தான். உங்கள் அண்ணன் அழுகிறார், தட்டை வீசியதற்கு வருந்துகிறார், பாரம் என்கிறார். அவர் உள்ளே வலிக்கிறது.

வியாசர்பாடி_வால்
சரிம்மா, ஒப்புக்கொள்கிறேன், எல்லோருக்கும் வராது. ஆனால் கேட்கிறேன், மூளையில் கட்டி உள்ளவனுக்கு இந்த மனசு மாத்திரை வேலை செய்யும் என்று ஆராய்ச்சி இருக்கிறதா? அப்புறம் அந்த மாத்திரையே ஃபிட்ஸ் கொண்டுவந்தால்?

கீழ்ப்பாக்கம்_மாணவி
நல்ல கேள்வி அண்ணா, நிஜமாகவே. மூளைக் கட்டி உள்ளவர்களை மட்டும் எடுத்து, பாதிப் பேருக்கு மருந்து பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை என்று சரியாகப் பிரித்துச் செய்த ஆய்வு ஒன்றாவது உண்டா என்று, உலகம் முழுக்க நடந்த மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சரிபார்க்கும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வில் தேடினார்கள், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மற்ற உடல் நோய் உள்ளவர்களிடம் வேலை செய்கிறது என்ற அனுபவத்தை வைத்துத்தான் டாக்டர்கள் கொடுக்கிறார்கள். மனச்சோர்வு மாத்திரைகளில் செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் மாதிரி வகையில் வலிப்பு ஆபத்து குறைவு, சின்ன டோஸில் ஆரம்பிப்பார்கள். புப்ரோபியான் வலிப்பைத் தூண்டும், அதைத் தவிர்ப்பார்கள்.

பெரம்பூர்_மருந்துக்கடை
அந்தப் புப்ரோபியானைப் பீடி, சிகரெட் நிறுத்தவும் எழுதுவார்கள். அதனால் வேறு எந்த டாக்டரிடம் போனாலும் தலையில் ஆபரேஷன் ஆனது, ஃபிட்ஸ் உண்டு என்று முதலில் சொல்லிவிடுங்கள். பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குவதும் வேண்டாம்.

காசிமேடு_வலை
நான் பொதுவாக எழுதுவது இல்லை, படித்துவிட்டுப் போய்விடுவேன். இதைப் படித்ததும் கை நிற்கவில்லை. இங்கே பேசுகிற எல்லோரும் பார்த்துக்கொண்டவர்கள், நான் படுத்தவன். 2019-ல் எனக்குக் கிரேடு 2. ஆபரேஷன் ஆகி நன்றாகத்தான் நடமாடினேன். ஒரே ஒரு வார்த்தை சொன்னார்கள், கடலுக்குப் போகக் கூடாது. போட்டில் நிற்கும்போது ஃபிட்ஸ் வந்தால் முடிந்தது என்று. நியாயம்தான், யார் மறுப்பது. ஆனால் 16 வயதிலிருந்து விசைப்படகில் இருந்தவன் நான். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலம், அப்போது எல்லோரும் கரையில் வலை பின்னிக்கொண்டு சீட்டாடிக்கொண்டு இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருத்தன், ஒன்றும் தெரியவில்லை. ஜூன் 14 ராத்திரி ஐஸ் ஏற்றி டீசல் போட்டு வரிசையாக எல்லா போட்டும் கிளம்பியது பாருங்கள், நான் துறைமுகச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். கட்டி என்று சொன்ன அன்று நான் அழவில்லை. அன்று அழுதேன். அதற்கப்புறம் நாலு மாதம் வீட்டை விட்டு இறங்கவில்லை.

அந்தத் தங்கச்சி சொன்னாரே, வேலை செய்ய முடியாமல் போனவர் என்று, அது இதுதான். கை கால் நன்றாக இருக்கும். ஆனால் நீ யார் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது.

இன்னொன்று. வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுவார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். பயாப்சி ரிப்போர்ட்டை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள், நானே அரிசி எடுக்கப் போய்க் கண்டுபிடித்தேன். தெரியாமல் இருந்தபோது நான் கற்பனை பண்ணியது அதில் எழுதியிருந்ததைவிட மோசம். தம்பி, உங்கள் அண்ணனுக்குக் கிரேடு 3 என்று தெரியுமா? வண்டி இப்போது எங்கே?

கொருக்குப்பேட்டை_தம்பி
அண்ணா, நீங்கள் கேட்ட ரெண்டும் நெஞ்சில் குத்திவிட்டது. அண்ணனிடம் சாதாரணக் கட்டி, எடுத்தாயிற்று என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். அப்படியென்றால் எதற்கு இன்னும் கீமோ என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை, கேட்காததால் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். வண்டியை வேறு பையன் ஓட்டுகிறான், மாத வாடகைக்கு. தவணை கட்ட வேண்டுமே. ராத்திரி எங்கள் தெருவிலேயே கொண்டுவந்து நிறுத்துவான். அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்ப்பார். கிளட்சைக் கருக்குகிறான் என்று ஒரு தடவை சொன்னார், இந்த ஒன்றரை மாதத்தில் அவராகப் பேசியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் சிஸ்டர், முன்னாடி இப்படி இருந்ததில்லை என்று எழுதினேன், தப்பு. அம்மாவிடம் கேட்டேன். எங்கள் நைனா இறந்த வருஷம், நான் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன், அண்ணன் ஐந்தாறு மாதம் வேலைக்கே போகவில்லையாம், சாப்பிடாமல் துரும்பாகிவிட்டாராம். துக்கம் என்று விட்டுவிட்டார்களாம்.

ராயபுரம்_சிஸ்டர்
அதைத்தான் கேட்டேன். அப்படியானால் உங்கள் அண்ணனிடம் கிட்டத்தட்ட எல்லாமே சேர்ந்திருக்கிறது: பழைய மனச்சோர்வு, ஏற்றிய வலிப்பு மாத்திரை, கைவிட்டுப் போன வண்டி, வீட்டில் மூடு மந்திரம். இதில் கட்டியை நம்மால் ஒன்றும் பண்ண முடியாது, மற்றதில் பண்ணலாம். அடுத்த கீமோ தேதி வரை காத்திருக்காதீர்கள். நரம்பு ஓ.பி.க்கு இந்த வாரமே போய், தேதியோடு எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்: எப்போது டோஸ் ஏறியது, எப்போது மாறினார், தட்டு வீசியது, 3 மணி விழிப்பு, பாரம் என்ற வார்த்தை. ஓ.பி.யில் ரெண்டு நிமிஷம்தான் கிடைக்கும், நோயாளி "நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லிவிடுவார், வெளியே வந்துவிடுவீர்கள். நான் பார்த்ததில் பாதி இப்படித்தான் தப்பிப்போகிறது. தைராய்டு, சோடியம், உடம்பின் ஸ்டீராய்டு அளவு பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

பாரம் என்று சொன்னவரிடம் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராக. கேட்டால் யோசனையை நாம் கொடுத்ததாக ஆகும் என்று பயப்படுகிறார்கள், அப்படி ஆகாது, கேட்டால் பெரும்பாலும் ஆளுக்கு நிம்மதிப் பெருமூச்சு வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரை டப்பா அண்ணியிடம் இருக்கட்டும், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். நடு ராத்திரி என்றால் 14416 அல்லது 104 என்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசுவார்கள்.

வியாசர்பாடி_வால்
மனநல டாக்டர் என்றதும் எங்கள் ஏரியாவில் என்ன சொல்வார்கள் தெரியுமா சிஸ்டர், "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிட்டாங்க" என்று. அவர் பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் பேசும்போது அதுவரை வரும். நான் கிண்டல் பண்ணவில்லை, இதுதான் நிஜம்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்
நிஜம்தான். என் அம்மாவும் அதையே சொன்னார். கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி 1794-ல் ஆரம்பித்தது, அந்த ஊர்ப் பெயரே திட்டு வார்த்தை ஆகிவிட்டது. ஆனால் அங்கேதான் போக வேண்டும் என்று இல்லை. ஸ்டான்லி மாதிரி பெரிய அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவும் உள்ளேயே இருக்கிறது. நான் அம்மாவிடம் தூக்கத்துக்கு ஒரு டாக்டர் என்றுதான் சொல்லிக் கூட்டிப் போனேன். பொய்தான். ரெண்டாவது தடவை அவரே ஆட்டோ பிடித்துப் போனார். ஒன்று சேர்த்துச் சொல்கிறேன், உங்கள் அண்ணியையும் யாராவது கவனியுங்கள். அம்மா தேறிய பிறகுதான் நான் விழுந்தேன், எனக்கும் மாத்திரை ஓடியது. அதை யாரும் கேட்கவே இல்லை.

கொருக்குப்பேட்டை_தம்பி
ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். எழுதிக் கொண்டுபோனோம், சிஸ்டர் சொன்ன மாதிரியே அண்ணன் "நல்லா இருக்கேன் சார்" என்றார், நான் பேப்பரை நீட்டினேன். டாக்டர் படித்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாளைக் கொடுத்துக் குறிக்கச் சொன்னார்கள், 27-க்கு 19 வந்தது. தூக்கம், பசி, அசதி எல்லாம் கீமோவாலும் வரும், அதனால் மார்க்கை மட்டும் வைத்து முடிவு பண்ண முடியாது என்று சொல்லி, மனநலப் பிரிவு டாக்டர் தனியாக முக்கால் மணி பேசினார். சாவு பற்றி அவரே கேட்டார். தோன்றியதுண்டு, திட்டம் எதுவும் இல்லை என்று அண்ணன் சொன்னாராம். மாத்திரை டப்பா இப்போது அண்ணி பீரோவில். வலிப்பு மாத்திரையைப் படிப்படியாக மாற்றுகிறார்கள், செர்ட்ராலின் சின்ன டோஸில் ஆரம்பித்திருக்கிறார்கள், பலன் தெரிய சில வாரம் ஆகும் என்றார்கள். ரத்தப் பரிசோதனை கொடுத்திருக்கிறோம்.

கிரேடு விஷயத்தை டாக்டர் முன்னாலேயே சொன்னோம். அண்ணன் "தெரியும்" என்றார். கரண்ட் வைக்கும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் ஃபைலைக் காட்டிப் படிக்கச் சொன்னாராம், ஜனவரியிலேயே. ஐந்து மாதமாக எங்களுக்குத் தெரியாது என்று அவரும், அவருக்குத் தெரியாது என்று நாங்களும்.

காசிமேடு_வலை
ஐந்து மாதம். சரி. வண்டி?

கொருக்குப்பேட்டை_தம்பி
ஃபிட்ஸ் உள்ளவர் ஓட்டக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார், லைசென்ஸ் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்களே. அது அண்ணனுக்கும் தெரியும். நேற்று அந்தப் பையன் மணலி லோடுக்குக் கிளம்பும்போது அண்ணன் லுங்கியோடு போய் கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார், யாரும் கூப்பிடவில்லை. அம்மா வேண்டாம் என்று கத்தினார்கள். நான் சும்மா இருந்தேன். தப்பா அண்ணா?

காசிமேடு_வலை
தப்பில்லை. ஃபிட்ஸ் வந்தால் என்ன பண்ண வேண்டும் என்று அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பதெல்லாம் வேண்டாம், 5 நிமிஷத்துக்கு மேல் போனால் 108. நான் இப்போது ஏலத்தில் கணக்கு எழுதுகிறேன். கடல் இல்லைதான், ஆனால் மீன் வாடை வருகிறது.

வியாசர்பாடி_வால்
தம்பி, அண்ணன் திரும்பி வந்து என்ன சொன்னார்?

கொருக்குப்பேட்டை_தம்பி
வந்ததும் படுத்துத் தூங்கிவிட்டார், வெயில் தாங்கவில்லை போல. எழுந்து, கிளட்ச் பிளேட் போய்விட்டது, மாற்றணும் என்றார். அவ்வளவுதான். வியாழக்கிழமை ரத்த ரிப்போர்ட் வாங்கணும், சோடியம் எவ்வளவு என்று இங்கே போடுகிறேன் சிஸ்டர்.